ஏடும் படமும்: வடசென்னைக் குடும்ப ஒளிப்படங்களின் மீட்பும் வண்ணமூட்டலும் – பதிப்பியல் நோக்கில் ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பழுதுற்ற குடும்ப ஒளிப்படங்களைக் கணினியின் துணையால் சீர்செய்து வண்ணமூட்டும் வழக்கம் இன்று பரவலாகியுள்ளது. வடசென்னையின் துறைமுக, ஆலைப் பகுதிகளில் வாழும் உழைக்கும் குடும்பங்களின் படங்களை முன்வைத்து இவ்வழக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. 'மீட்பு' என்னும் ஒரே பெயரால் வழங்கும் செயலுக்குள் தன்மையால் வேறுபட்ட பல செயல்கள் கலந்து கிடக்கின்றன என்பதும், அவற்றைப் பிரித்தறியத் தமிழ்ச் சுவடிப் பதிப்பு மரபின் கருத்தாக்கங்கள் துணைபுரியும் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: குடும்ப ஒளிப்படம், வண்ணமூட்டல், பதிப்பியல், மையாடல், இடைச்செருகல், வடசென்னை

முன்னுரை

செல்லரித்த ஏட்டில் எழுத்து அழிந்துபோன இடங்களில் உ.வே. சாமிநாதையர் புள்ளிகளை இட்டார். அவர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. வேறு சில பாடல்கள் சிதைந்த அடிகளுடனேயே அச்சேறின. யாப்பறிவும் சங்கச் சொல்லாட்சியில் தோய்வும் உடைய அவர் அவ்விடங்களை நிரப்பியிருக்க இயலும். நிரப்பியிருந்தால் பின்வந்த வாசகர் பலருக்கு ஐயமே எழுந்திராது. ஆயினும் அவர் நிரப்பவில்லை. ஏடு எங்கே நின்றதோ அங்கே பதிப்பும் நின்றது.

இன்று நம் வீடுகளில் இதற்கு நேர்மாறான பதிப்புப் பணியொன்று, பதிப்பு என்னும் பெயரின்றி நடந்துகொண்டிருக்கிறது. பூஞ்சணம் பிடித்த, மடிந்து வெடித்த, பூச்சி அரித்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் கைப்பேசிச் செயலிகளாலும் படச்சட்டக் கடைகளின் கணினிகளாலும் முழுமையாக்கப்படுகின்றன, வண்ணமும் பெறுகின்றன. அழிந்த இடம் எது, நிரப்பிய இடம் எது என்பதற்கு எந்தக் குறியும் இல்லை. ஏட்டுக்குக் காட்டிய மதிப்பைப் படத்துக்கு ஏன் காட்டுவதில்லை என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. ஒளிப்படத்தைச் சமூக வரலாற்றுக்கான சான்றாக எடுத்தாளும் ஆய்வுகள் தமிழில் பெருகிவரும் நேரத்தில் இக்கேள்வி நம் துறைக்கு அயலானதன்று.

வடசென்னைப் படங்களும் அவற்றின் பழுதும்

சென்னையில் ஒளிப்படக் கலை 1850களிலேயே வேரூன்றியது. இராயபுரம் தொடர்வண்டி நிலையமும் அதே காலத்தது. 1856இல் அங்கிருந்துதான் தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. ஆனால் நிலையத்தைச் சுற்றி வாழ்ந்த சுமைதூக்குவோரும் மீனவரும் ஆலைத் தொழிலாளரும் தம்மைப் படமெடுத்துக்கொள்ள மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. தெருவோர ஸ்டுடியோக்கள் பெருகிய பிறகே இக்குடும்பங்களின் சுவர்களில் படம் ஏறியது. திருவொற்றியூரில் 1946இல் பலூன் தயாரிக்கும் சிறு கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1955இல் மோட்டார் சைக்கிள் தயாரிக்கத் தொடங்கிய என்ஃபீல்டு, எண்ணூரின் அசோக் லேலண்ட் ஆகியவற்றின் மாதச் சம்பளம் இதில் கொண்ட பங்கு தனியே ஆராயத்தக்கது. திருமணப் படம், முதற்குழந்தையோடு எடுத்த படம், பணிநிறைவு நாளில் சக தொழிலாளரோடு எடுத்த குழுப்படம், அடையாள அட்டைக்காக எடுத்த சிறுபடம் என நான்கைந்து படங்களுக்குள் ஒரு வாழ்நாள் அடங்கிவிடும் குடும்பங்கள் இப்பகுதியில் மிகுதி. அத்தகைய வீட்டில் ஒரு படத்தின் இழப்பு, பல பிரதிகளுள்ள நூலில் ஒரு பிரதியை இழப்பதைப் போன்றதன்று. ஒற்றைச் சுவடியை இழப்பதற்கு ஒப்பானது.

இப்படங்களில் பெரும்பாலானவை ஜெலட்டின் படலத்துள் நுண்ணிய வெள்ளித் துகள்களைத் தாங்கிய அச்சுகள். ஈரமும் கந்தகச் சேர்மங்களும் வெள்ளிக்குப் பகை. ஈரக் காற்றில் வெள்ளி அயனியாகி மேற்பரப்புக்கு நகர்ந்து, படத்தின் கரிய பகுதிகளில் கண்ணாடிபோல் மினுக்கும் நீலச் சாயலை உண்டாக்கும். கந்தக வாயுக்கள் பட்ட படம் மஞ்சளித்து வெளிறும். கடலோர ஈரமும், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும், எண்ணூர் அனல்மின் நிலையங்களின் புகையும் ஒருசேர வாய்த்த பகுதியில் சுவரில் தொங்கும் படம் எத்தகைய காற்றை உட்கொண்டிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. பழுது என்று நாம் துடைத்தெறிய விரும்பும் மஞ்சளில் இப்பகுதியின் தொழில் வரலாறும் ஓரளவு படிந்திருக்கக் கூடும். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலையொட்டிய வெள்ளத்தில் எண்ணெய் கலந்த நீர் எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தபோது, பாத்திரம் பண்டங்களோடு படங்களும் நனைந்தன. நனைந்த ஜெலட்டின் ஊதிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போகும். திருவொற்றியூரில் நிலைமை இன்னும் கடுமையானது. 1876இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் வடக்கு நோக்கிய மணல் ஓட்டத்தைத் தடுத்ததன் விளைவாகக் கரையோரத் தெருக்கள் கடலுக்குள் போயின. வீடே இல்லாமற்போன குடும்பத்திடம் படம் எஞ்சியிருப்பது தற்செயல்தான்.

ஆகவே மீட்பு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. எதை மீட்பு என்கிறோம் என்பதே வழக்கு.

மையாடலும் இட்டுநிரப்பலும்

சுவடி படித்தோர் அறிந்த மூன்று செயல்களை இங்கு நினைவுகூரலாம். எழுத்தாணியால் கீறிய எழுத்து மங்கியிருக்கையில் ஏட்டின்மீது கரியும் பச்சிலைச் சாறும் கலந்த மையைத் தடவித் துடைப்பர். கீறலுக்குள் மை தங்கி எழுத்து துலங்கும். இது மையாடல். இதில் புதிதாக ஓர் எழுத்தும் சேர்வதில்லை. இருந்தது கண்ணுக்குப் புலப்படுகிறது. இரண்டாவது, ஊகத் திருத்தம்: சிதைந்த இடத்தில் இன்ன சொல் இருந்திருக்கலாம் எனப் பதிப்பாசிரியர் கருதி, கருதினேன் என்று சொல்லியே தருவது. மூன்றாவது, இடைச்செருகல்: பிற்காலத்தார் பாடியதை மூலத்துள் கலந்து மூலமாகவே உலவவிடுவது.

ஒளிப்பட மீட்பில் இம்மூன்றும் ஒரே பொத்தானுக்குள் அடங்கியுள்ளன. வெளிறிய படத்தின் ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டுவது மையாடல். 1970களின் வண்ண அச்சுகள் இன்று செந்நிறமாகியிருப்பதைப் பலர் கண்டிருப்பர். அவற்றின் மூன்று சாயப் படலங்களுள் பசுநீலச் சாயம் பெரும்பாலும் முந்தி மங்கியதே இதற்குக் காரணம். எஞ்சியிருக்கும் சாயத்தை அளந்து பழைய சமநிலையை மீட்டெடுப்பதும் மையாடலின் பாற்பட்டதே. முகத்தின் குறுக்கே ஓடும் மடிப்புக் கோட்டை இருபுறத்துத் தோலின் சாயலைக் கொண்டு மூடுவது ஊகத் திருத்தம். பெரும்பாலும் நம்பத்தக்க ஊகம். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் கொடுப்பதும், மங்கிய முகத்துக்குக் கூர்மையான கண்களையும் இதழ்களையும் வரவழைப்பதும் எவ்வகை? இவற்றுக்கான ஆதாரம் படத்துக்குள் இல்லை. ஆதாரம் வெளியிலிருந்து வருகிறது. வந்த சுவடும் தெரிவதில்லை. இவற்றை இடைச்செருகல் என்று அழைப்பதே முறை என்பது என் கருத்து.

இது கடுமையான சொல் எனத் தோன்றலாம். ஆகவே அந்த வெளி ஆதாரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

சாம்பல் மறைக்கும் நிறங்கள்

கணினி வண்ணமூட்டலின் அடிப்படையாக அமைந்த ஆய்வுகளுள் ரிச்சர்டு ஜாங், பிலிப் ஐசோலா, அலெக்சி எஃப்ராஸ் ஆகியோர் 2016இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. படத்தின் ஒளிர்வு கொடுக்கப்பட்டால் அதற்குப் பொருந்தும் நிறக்கூறுகளை ஊகிக்கும்படி, இமேஜ்நெட் தொகுப்பின் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணப் படங்களைக் கொண்டு கணினியை அவர்கள் பயிற்றுவித்தனர். அவர்கள் தம் நோக்கத்தைத் தெளிவாகவே வரையறுத்தனர்: பொருள் உண்மையில் கொண்டிருந்த நிறத்தை மீட்பது நோக்கமன்று, பார்ப்பவர் நம்பக்கூடிய நிறத்தைத் தருவதே நோக்கம். ஆய்வாளர்கள் இவ்வளவு நேர்மையாகச் சொன்னது, செயலியாகிக் கடைக்கு வரும்போது 'தாத்தாவின் உண்மை நிறம்' என்றாகிவிடுகிறது.

வடசென்னைப் படங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய கண்ணாடித் தகடுகளும் ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருள்களும் சிவப்பு ஒளியை உணராதவை. எல்லா நிறங்களையும் உணரும் பாங்குரோமேட்டிக் வகை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. எனினும் சிவப்பு விளக்கின் கீழ் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்னும் வசதியால் பழைய வகை ஸ்டுடியோக்களில் நெடுங்காலம் நீடித்தது. அத்தகைய படத்தில் குங்குமம் கரும்பொட்டாக விழும். அரக்குக் கூறைப்புடவை கறுப்பாகும். நீலப் புடவை ஏறத்தாழ வெள்ளையாகும். செம்பழுப்புத் தோல் உள்ளதைவிடக் கறுக்கும். அதாவது, படத்தின் ஒளிர்வே கண் கண்ட ஒளிர்வன்று. அந்த ஒளிர்வை மாறாத உண்மையாகக் கொண்டு அதன்மேல் நிறம் ஊகிக்கும் கணினி, தொடக்கத்திலேயே வழிதவறுகிறது.

இதன் விளைவு அழகியலோடு நின்றுவிடுவதில்லை. இராயபுரம் இராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடைபெற்றது. கருஞ்சட்டையும் செங்கொடியும் இருவண்ணக் கரைவேட்டியும் அருகருகே உலவிய நிலம் இது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பின்னி ஆலைகளும் தொலைவில் இல்லை. சிவப்பை உணராத படத்தில் கறுப்பும் சிவப்பும் ஒரே கருமையாகும். தொழிலாளி ஒருவர் மனைவி மக்களோடு அமர்ந்திருக்கும் படத்தில் அவரது சட்டை கறுப்பா சிவப்பா என்பது அவரது அரசியல் எது என்னும் கேள்வி. செயலி அதற்குப் பெரும்பாலும் ஊதாவையோ பழுப்பையோ தந்து கேள்வியையே இல்லாமல் செய்துவிடும்! கேள்வி இருப்பதே தெரியாமற்போவது தவறான விடையைக் காட்டிலும் ஆய்வுக்குக் கேடானது.

புடவைக்கும் இதுவே நிலை. மயில்கழுத்து என்பது ஒரு நிறமன்று. பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்து, மடிப்புக்கு மடிப்பு நீலமும் பச்சையுமாக மாறும் நெசவுத் தன்மை. கத்தரிப்பூ, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு என நெசவாளரும் பெண்களும் வழங்கிய நிறப்பெயர்களில் ஒரு பண்பாட்டு அகராதியே அடங்கியுள்ளது. வேற்றுநாட்டுத் தெருக்களையும் தோட்டங்களையும் மிகுதியாகக் கண்டு பழகிய கணினிக்கு அந்த அகராதி எட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். ஸ்டுடியோவின் பின்திரைகளில் வரைந்த மாடிப்படியும் பூங்காவும் நிலவும் பல நேரங்களில் சாம்பல் நிறச் சாயங்களாலேயே தீட்டப்பட்டவை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் திரையில் நிறம் எதற்கு? அத்திரையில் செயலி பச்சை இலையையும் நீல வானத்தையும் காண்கிறது. என்றுமே நிறம் இல்லாதிருந்த பொருளின் 'இழந்த நிறம்' மீட்கப்படும் இவ்விந்தையை நகைத்துக் கடந்துவிடலாம். முகத்தில் நிகழ்வதை அவ்வாறு கடக்க இயலாது.

முகம்

மங்கிய முகத்தைக் கூர்மையாக்கும் மென்பொருள்களுள் 2021இல் வெளிவந்த ஜி.எஃப்.பி.கேன் பரவலாகப் பயன்படுவது. முகம் எப்படி இருக்கும் என்னும் முன்னறிவை அது 70,000 முகங்களைக் கொண்ட ஒரு தொகுப்பிலிருந்து பெறுகிறது. அம்முகங்கள் ஃபிளிக்கர் தளத்தில் பயனர்கள் பதிவேற்றிய படங்களிலிருந்து திரட்டியவை. இந்த முன்னறிவு எங்கு கொண்டுபோய்விடும் என்பதற்கு ஓர் எச்சரிக்கை அதற்கு முன்பே கிடைத்தது. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய பல்ஸ் என்னும் மென்பொருளுக்கு பராக் ஒபாமாவின் தெளிவற்ற சிறுபடம் தரப்பட்டபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் 'தெளிவாக்கி'க் கொடுத்தது. அதுவும் அதே முகத்தொகுப்பின் வழிவந்த முன்னறிவையே சார்ந்திருந்தது. இதற்கும் முன்னோடி உண்டு. வண்ணப் படச்சுருள் காலத்தில் அச்சுக்கூடங்கள் தோல் நிறத்தைச் சரிபார்க்க ஷெர்லி அட்டை எனப்பட்ட அளவுகோல் படத்தைப் பயன்படுத்தின. அதில் இருந்தவர் நெடுங்காலம் வெண்தோல் பெண்ணே.

என் குடும்பத்துப் படம் ஒன்றை இங்கே சான்றாகக் காட்டலாம். துறைமுகத்தில் சுமைப்பணி செய்தவரும் அவர் மனைவியும் 1960களின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட இணைப்படம் அது. பாட்டியின் இரண்டு மூக்குத்திகளும், இடது முன்கையில் பச்சை குத்திய கோலமும், கன்னத்து அம்மைத் தழும்பும், நெற்றிப் பொட்டும் மூலத்தில் உற்றுநோக்கினால் தெரியும். அவரது நினைவுநாளுக்காக உறவினர் ஒருவர் படத்தைச் சீர்செய்து வண்ணமூட்டிப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். புதிய படத்தில் ஒரு மூக்குத்தி தூசுப்புள்ளியாகக் கருதப்பட்டு மறைந்திருந்தது. பச்சைக் கோலம் கறையாகக் கருதப்பட்டுத் துடைக்கப்பட்டிருந்தது. அம்மைத் தழும்புகள் இல்லை. தோல் கோதுமை நிறத்தில் இருந்தது. வீட்டார் மகிழ்ந்தனர், அம்மகிழ்ச்சியைப் பொய்யென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பாட்டியின் தங்கை மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா எங்கக்கா மாரி இல்லியே" என்றார்.

இங்கு மென்பொருளுக்குப் பழுதாகத் தெரிந்தவை யாவும் அவ்வுடலின் வரலாறு. பச்சைக் குறி ஒரு பெண்ணின் பிறந்த ஊரையும் சாதியையும் குறவர் வருகையையும் குறித்த செய்தி. அம்மைத் தழும்பு ஒரு நோய்க்காலத்தின் எச்சம். ஏட்டில் பூச்சி துளைத்த துளையையும் மெய்யெழுத்தின் மேலிட்ட புள்ளியையும் வேறுபடுத்தத் தெரியாதவர் பதிப்பாசிரியராக இருக்க முடியாது.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. பழைய ஸ்டுடியோக்காரர்களும் இதைத்தானே செய்தனர்? நெகட்டிவின்மேல் கூரிய பென்சிலால் டச்சிங் செய்து தழும்பை மறைத்தனர், முகத்தை வெளுக்கவைத்தனர், அச்சின்மேல் எண்ணெய்ச் சாயமும் நீர்ச்சாயமும் பூசிப் புடவைக்குச் சரிகை வரைந்தனர். இந்திய ஒளிப்படத்தில் சாயம் பூசுதல் ஒரு தனி மரபாகவே வளர்ந்ததை ஜூடித் மாரா கட்மன் 1982இல் எழுதிய நூல் விரிவாகப் பேசியது. கிறிஸ்டஃபர் பின்னியின் 'கேமரா இண்டிகா' (1997) மத்தியப் பிரதேசத்தின் ஆலை நகரமான நாக்டாவின் ஸ்டுடியோக்களை ஆராய்ந்து, மக்கள் படத்தில் தாம் உள்ளபடியே தோன்றுவதைவிட மேலாகத் தோன்றவே விரும்பினர் எனக் காட்டியது. ஆலைச் சிற்றூர் மக்களின் அவ்விருப்பம் திருவொற்றியூருக்கும் பொருந்தும். அவ்வாறாயின் செயலியை மட்டும் குறைகூறுவது தகுமா?

மறுப்பின் முதற்பகுதி உண்மையே. பழைய டச்சிங்கும் அழித்தது. வெண்மை மோகமும் அன்றே இருந்தது. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. கையால் பூசிய சாயம் சாயமாகத் தெரிந்தது. கன்னத்துச் சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். சரிகை தூரிகையின் வீச்சைக் காட்டும். பார்ப்பவர் எவரும் அதை ஒளிப்படத்தின் வாக்காகக் கொள்ளவில்லை. மூலத்தின்மேல் எழுதிய உரையாகவே கொண்டனர். மேலும் யார் விருப்பத்துக்கு அந்த வண்ணம் பூசப்பட்டது என்பதும் தெளிவு. வாடிக்கையாளர் பச்சை கேட்டார். பூசுபவர் பச்சை பூசினார். இன்றைய வண்ணத்தைக் கேட்டவர் எவருமில்லை, பொறுப்பேற்பவரும் இல்லை.

படிமமும் ஆவணமும்

நினைவுப் படத்தின் பணி ஆவணத்தின் பணியிலிருந்து வேறானது என்பதையும் ஏற்க வேண்டும். இறந்தாரைக் கல்லில் நிறுத்திப் பெயரும் பீடும் எழுதி வழிபட்ட மரபு நமது. தொல்காப்பியம் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை முதலான நிலைகளில் எங்கும் வீரனின் முகச்சாயலைப் பற்றிய கவலை இல்லை. சட்டமிட்டுச் சந்தனப் பொட்டிட்டு மாலை சாத்தும் படம் அம்மரபின் நீட்சி எனக் கொண்டால், அதில் முகவொப்புமையைக் கறாராக எதிர்பார்ப்பது பொருந்தாது. அடையாள அட்டைச் சிறுபடத்திலிருந்து முகத்தை எடுத்து, அவர் வாழ்நாளில் அணிந்திராத கோட்டுச் சூட்டைப் பொருத்திக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை அச்சிடுவது வடசென்னைத் தெருக்களில் அன்றாடக் காட்சி. தனித்தனியே எடுத்த கணவன் மனைவி படங்களை ஒன்றாக்கி இணைப்படம் செய்துதரும் வழக்கமும் உண்டு. இவற்றில் ஏமாற்று இல்லை, வேண்டுதல் உண்டு.

இராமலிங்க அடிகளின் உருவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னை ஏழுகிணற்றில் வாழ்ந்து திருவொற்றியூர்த் தியாகராசரை வழிபட்டுவந்த அவரைப் படமெடுக்கப் பலமுறை முயன்றும் ஆடை மட்டுமே பதிந்தது, உடல் பதியவில்லை என்பது அடியார் மரபில் வழங்கும் செய்தி. ஆயினும் முக்காடிட்ட அவரது வண்ணப் படம் இல்லாத வள்ளலார் அன்பர் இல்லம் இல்லை. அதை ஒளிப்படம் என்று எவரும் வாதிடுவதில்லை. அது ஓவியம் என்னும் தெளிவே அதன் வலிமை. பாரதியாரின் நிலையும் ஒருவகையில் இத்தகையதே. ஓவியர் ஆர்யா தீட்டிய உருவம் மக்கள் மனத்தில் பதிந்திருக்க, ரா.அ. பத்மநாபன் 1957இல் தொகுத்த 'சித்திர பாரதி' கிடைத்த ஒளிப்படங்களைத் தனியே ஆவணப்படுத்தியது. ஓவியமும் படமும் அவரவர் இடத்தில் நின்றன. இன்று அதே ஒளிப்படங்கள் செயலிகளால் வண்ணமூட்டப்பட்டும் உயிரூட்டப்பட்டும் உலவும்போது அந்த எல்லை கலைகிறது.

எல்லை கலைந்தால் எதுவரை போகும் என்பதற்கு 2021 ஏப்ரலில் நிகழ்ந்தது சான்று. கம்போடியாவின் எஸ்-21 சிறையில் கொலைக்கு முன் எடுத்த கைதிகளின் படங்களுக்கு மேட் லௌரி என்னும் வண்ணமூட்டுக் கலைஞர் வண்ணமூட்டினார். 'வைஸ்' இதழ் அவற்றை வெளியிட்டது. நிறத்தோடு சிலரின் முகத்தில் புன்னகையும் சேர்க்கப்பட்டிருந்தது பின்னர் வெளிப்பட்டது. கம்போடிய அரசின் பண்பாட்டு அமைச்சகமும் கொல்லப்பட்டோரின் குடும்பத்தினரும் கண்டித்ததையடுத்துப் படங்கள் நீக்கப்பட்டன. மூலங்கள் அருங்காட்சியகத்தில் இருந்ததால்தான் அப்புன்னகை பொய்யென்று நிறுவ முடிந்தது.

திருவொற்றியூர் வீட்டுப் படத்துக்கு அருங்காட்சியகம் இல்லை. புதிய படம் வந்ததும் பழையது சட்டத்திலிருந்து கழற்றப்படுகிறது. சட்டம் புதியதற்குப் போகிறது; பழைய அச்சு பரணுக்கோ குப்பைக்கோ போகிறது. ஆய்வாளன் என்ற நிலையில் எனக்குப் பெரிதும் கவலை தருவது இதுவே, வண்ணமன்று. எத்தனை உரை வேண்டுமானாலும் எழுதலாம். உரை எழுதிய கையோடு மூல ஏட்டை ஆற்றில் விட்டால் பிறகு உரையைச் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. ஆடிப்பெருக்கில் ஏடுகள் ஆற்றில் போன கதையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படத்தின் மறுபக்கம்

குடும்பப் படங்களைச் சான்றாகப் பேணும் முயற்சிகள் தமிழகத்தில் இல்லாமலில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி முன்னின்று நடத்திய, பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டம் ஆதரித்த பணி, தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மமாக்கியது. தன்னையும் குடும்பத்தையும் தமிழர் எவ்வாறு படத்தில் முன்னிறுத்தினர் என்பதே அதன் மையக் கேள்வி. இத்தகைய தொகுப்புகளில் கிழிசலும் கறையும் அப்படியே இருக்கும். அதைப் புறநானூற்றுப் புள்ளிகளோடு ஒப்பிடத் தோன்றுகிறது.

ஆனால் ஆவணக்காப்பகத்தின் நெறியை வீட்டுச் சுவர்மேல் சுமத்துவது நடவாது, தேவையுமில்லை. வீட்டுக்கு வேண்டியது முகம், கறையன்று. ஆகவே பதிப்பு மரபிலிருந்து நாம் கடன் பெற வேண்டியது தடையை அன்று, குறிப்பிடும் பழக்கத்தை. பாடபேதம் காட்டும் பதிப்பில் மூலமும் திருத்தமும் ஒரே பக்கத்தில் இருக்கும். படத்துக்கு அதைச் செய்வது அரிதன்று. சீர்செய்வதற்கு முன்னர் மூலத்தை முன்னும் பின்னுமாக நகலெடுத்துத் தனியே வைத்தல். புதிய சட்டத்தின் முதுகுக்குள் பழைய அச்சையும் அமிலமற்ற தாளில் சுற்றிச் செருகிவைத்தல். சீர்செய்த நாளையும் செய்தது ஆளா செயலியா என்பதையும் பின்புறம் எழுதுதல் போதும். இவற்றில் ஒன்றும் செலவு மிக்கதன்று.

பின்புறம் என்றேன். படத்தின் பின்புறத்தைச் செயலி எதுவும் மீட்பதில்லை. ஆனால் ஆய்வுக்கு அதுவே சில நேரம் முன்புறத்தைவிட வளமானது. ஸ்டுடியோவின் முத்திரையும் தெருப்பெயரும், நெகட்டிவ் எண்ணும், 'மூத்தவள் வளைகாப்பு' என்பதுபோல் பென்சிலால் எழுதிய இரண்டு சொல்லும், பிழையோடு கையொப்பமிடக் கற்றவரின் முதல் கையொப்பமும் அங்கேதான் கிடைக்கும். சுவடியின் இறுதியில் எழுதினவர் பெயரும் ஆண்டும் நாளும் காணும் குறிப்பு எத்தகையதோ அத்தகையது இது. பர்மாவிலிருந்து மீண்டு வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறிய குடும்பங்களின் படங்களில், ஒரு ரங்கூன் ஸ்டுடியோ முத்திரை அக்குடும்பத்தின் பெயர்ச்சிக்கே எழுத்துச் சான்றாக அமையக்கூடும்.

வண்ணமூட்டலையும் ஆய்வுக்கு உதவும் செயலாக மாற்ற இயலும். செயலியிடம் நிறத்தைக் கேட்பதற்கு முன் வீட்டின் மூத்தவரிடம் கேட்டால் போதும். பாட்டியின் தங்கையிடம் அந்த இணைப்படத்தின் மூலத்தைக் காட்டி, புடவை என்ன நிறம் என்று கேட்டேன். அரக்கு என்றார், பிறகு, அரக்கில் கிளிப்பச்சைக் கரை என்று திருத்தினார், வண்ணாரப்பேட்டையில் எடுத்தது, தாத்தாவின் சங்கத்தில் கடன் வாங்கி எடுத்தது, கடனைப் பதினொரு மாதம் கட்டினார்கள் என்றார். தாத்தாவின் சட்டையைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார். அது ஸ்டுடியோக்காரர் கொடுத்த சட்டையாம். கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தாராம்.